இரவில் வரும் தண்ணீர்



கடந்த வெள்ளி, சனி இரு நாட்களும் என்னைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை என்று உங்களில் சிலர் ஆராதனை முடிந்ததும் சொன்னீர்கள். இறையியல் கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்த இரு நண்பர்களுடன் மான்டெரே நகருக்குப் போயிருந்தேன். அங்குள்ள கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தைப் பார்ப்பதே எங்கள் திட்டம். அங்கே நான் கற்றதை இந்த வாரத் தியானமாக எழுதுகிறேன். இதில் என் தவறு ஒன்றும் அடங்கியிருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் இது வெறும் பயணக் குறிப்பாகிவிடும்.

நண்பர்களில் ஒருவர் சாக்ரமென்டோவில் ஒரு மருத்துவமனையின் போதகராகப் பணிபுரிகிறார். மற்றவர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். முப்பது ஆண்டுகள் ஊழியம் செய்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய மனைவி புற்றுநோயால் காலமானார். இப்போது சான் ஹோசேயில் இருக்கும் மகள் வீட்டுக்கு மூன்று மாதம் தங்க வந்திருக்கிறார். வந்து ஐந்து வாரங்கள் ஆகியும் அவர் என்னை அழைக்கவில்லை. மருத்துவமனை நண்பர்தான் இருவரையும் ஒரே காரில் ஏற்றினார்.

சான் ஹோசேயிலிருந்து மான்டெரே ஏறத்தாழ எழுபது மைல். வழியில் காஸ்ட்ரோவில் ஊரைச் சுற்றி ஆர்டிசோக் வயல்கள். அவற்றின்மேல் கடலிலிருந்து வந்த மூடுபனி. கல்லூரி விடுதியின் சாம்பாரைப் பற்றியும், எங்கள் கிரேக்க ஆசிரியரின் கோபத்தைப் பற்றியும் பேசிக்கொண்டே போனோம். பேச வேண்டிய ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினோம்.

வெள்ளிக்கிழமை மாலை கேனரி ரோ என்னும் கடற்கரைத் தெருவில் நடந்தோம். ஒரு காலத்தில் அந்தத் தெரு முழுவதும் மத்தி மீனை டப்பாக்களில் அடைக்கும் ஆலைகள் நின்றன. நிலவில்லாத இரவுகளில் மீனவர்கள் கடலுக்குப் போவார்களாம். மீன்கூட்டம் நகரும்போது நீரில் எழும் நுண்ணுயிர்களின் ஒளியைப் பார்த்து வலை வீசுவார்களாம். படகுகள் கரைசேர்ந்ததும் ஆலைகளின் சங்கு ஊதும். எந்த நேரமானாலும் தொழிலாளர்கள் எழுந்து ஓட வேண்டும். 1940களின் பிற்பகுதியில் மத்தி மீன் குறைந்தது. பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. அப்படி மூடிப்போன ஹோவ்டன் ஆலை இருந்த இடத்தில்தான் 1984 அக்டோபரில் இந்தக் காட்சியகம் திறக்கப்பட்டது.

"எங்கள் ஊரில் இதைச் சாளை என்போம்" என்றார் தூத்துக்குடி நண்பர். "என் அப்பாவும் இருட்டு நாட்களில்தான் சாளைக்குப் போவார்." அந்த மாலையில் அவர் தாமாக முன்வந்து சொன்னது அந்த இரண்டு வாக்கியங்கள்தாம்.

மறுநாள் காலை காட்சியகத்துக்குள் நுழைந்தோம். மருத்துவமனை நண்பர் கடல் நீர்நாய்களுக்கு உணவளிப்பதைப் பார்க்கப் போய்விட்டார். ரோமத்துக்காக வேட்டையாடப்பட்டு, கலிபோர்னியாக் கரையில் அடியோடு அழிந்துவிட்டதாகப் பலரும் எண்ணிய விலங்கு அது. 1938இல் பிக் சர் அருகே சிறு கூட்டம் ஒன்று வெளியுலகுக்குத் தெரியவந்தது. எஞ்சிய அந்தச் சிலவற்றின் வழிவந்தவையே இன்று அந்தக் கரையில் நீந்துகின்றன. அவர் திட்டமிட்டே எங்கள் இருவரையும் தனியே விட்டுப் போனார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

நாங்கள் இருவரும் கெல்ப் காட்டின் முன் நின்றோம். கெல்ப் என்பது கடற்பாசி வகைகளிலேயே மிகப் பெரியது. இருபத்தெட்டு அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டிக்குள் அது மரம்போல எழுந்து நின்றது. மேலே கூரை இல்லை. சூரிய ஒளி நேராக நீருக்குள் இறங்கி, பழுப்பும் பொன்னுமான இலைகளின் ஊடே தூண் தூணாக நின்றது. உடலில் புள்ளிகள் கொண்ட சிறுத்தைச் சுறா ஒன்று அந்தத் தூண்களுக்கிடையே நிதானமாகச் சென்றது. சாளைக் கூட்டம் ஒன்று வெள்ளித் துணி மடிவதுபோலத் திரும்பியது. ஆலயத்துக்குள் நிற்பதுபோல் இருந்தது. நான் உடனே சங்கீதங்களில் வரும் கடலைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். ஞாயிறு பிரசங்கத்துக்கு அது உதவும் என்றும் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை.

அப்போது தன்னார்வ வழிகாட்டியான மூதாட்டி ஒருவர் பக்கத்தில் நின்ற சிறுவர்களுக்கு விளக்கத் தொடங்கினார். கெல்புக்கு மரத்தைப்போல் வேர் இல்லை. அடியில் உள்ள பிடிப்பு பாறையை இறுகப் பற்றிக்கொள்ள மட்டுமே உதவும். உணவை அது தன் இலைகளாலேயே நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆகவே நீர் அசையாமல் நின்றால் அது நலிந்துபோகும். அதற்காகவே தொட்டியின் மேல் ஓயாமல் அலை எழுப்பும் இயந்திரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

பிறகு அவர் சொன்னதுதான் எங்களை நிறுத்தியது. தொட்டிக்குள் வரும் நீர் வெளியே உள்ள வளைகுடாவின் நீர். பகலில் அதை வடிகட்டி விடுகிறார்கள். அப்போதுதான் பார்வையாளர்களுக்கு மீன்கள் தெளிவாகத் தெரியும். காட்சியகம் மூடியபின், இரவில், வடிகட்டாத கடல்நீரை அப்படியே உள்ளே விடுகிறார்கள். அந்தக் கலங்கிய நீரில் மிதந்துவரும் நுண்ணுயிர்கள் தொட்டியில் உள்ள பல உயிர்களுக்கு இரையாகின்றன. கண்ணுக்குத் தெரியாத வித்துகளும் குஞ்சுகளும் அதோடு வந்து பாறையில் ஒட்டி வளர்கின்றன. "நீங்கள் பார்க்கும் அழகு பகல் நீரால் தெரிகிறது, இங்குள்ள உயிர்கள் இரவு நீரால் பிழைக்கின்றன" என்ற பொருள்படச் சொல்லிவிட்டு, அந்த அம்மையார் சிறுவர்களோடு அடுத்த அறைக்குப் போனார்.

நண்பர் கண்ணாடியில் கையை வைத்தபடி, "கலங்கல்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். கடல் தெளிந்து கிடந்தால் மீன் வலையைப் பார்த்து விலகிப் போய்விடும். கலங்கலாய் இருந்தால்தான் மீன்பாடு. தெளிவைக் கண்டு மகிழ்கிறவன் கரையில் நிற்கிறவன் என்பார் அப்பா."

சற்று நேரம் கழித்து, என்னைப் பாராமலே சொன்னார்: "நீ எனக்குப் பகல் தண்ணீர் மட்டும்தான் அனுப்பினாய்."

அன்பானவர்களே, இந்த இடத்தில் என் தவறை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவருடைய மனைவிக்கு நோய் என்று அறிந்த நாளில் நான் தொலைபேசியில் ஜெபித்தேன். ஜெபித்து முடித்ததும், "அவர்கள் சாகமாட்டார்கள், நான் உறுதியாக விசுவாசிக்கிறேன்" என்று சொன்னேன். அப்படிச் சொல்லும்படி எவரும் எனக்குக் கட்டளையிடவில்லை. அதன்பின் பதினொரு மாதங்கள், நாள் தவறாமல், காலை ஆறு மணிக்கு ஒரு வாக்குத்தத்த வசனத்தை அவருடைய கைப்பேசிக்கு அனுப்பினேன். அடக்கம் நடந்த நாளில், அவர்கள் மேலான இடத்துக்குப் போய்விட்டார்கள், ஆகையால் துக்கப்படாதே என்று குரல்பதிவு ஒன்றை அனுப்பினேன். அதற்கு அவர் பதில் எழுதவில்லை. அவருடைய விசுவாசம் தளர்ந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவருக்காகப் பரிதாபப்பட்டு ஜெபிக்கவும் செய்தேன்!

"நீ அனுப்பிய வசனம் எதுவும் பொய்யில்லை" என்றார் அவர். "அவையெல்லாம் எனக்கும் தெரியும். முப்பது வருடம் சாவு வீடுகளில் நானே சொன்னவைதாம். ஆனால் அவள் எப்படிப் போனாள் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. கடைசி ராத்திரி என்ன நடந்தது என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நான் போதகன் அல்லவா? எனக்குத் தெளிவாக இருக்கும் என்று எல்லாரும் எண்ணிக்கொண்டார்கள்."

"ஜெபிக்கிறாயா?" என்று கேட்டேன். கேட்ட உடனேயே வெட்கப்பட்டேன்.

"இரண்டு வருடமாக ஒரே ஒரு சங்கீதம்தான். எண்பத்தெட்டு. மற்றவை வாயில் வரவில்லை."

எண்பத்தெட்டாம் சங்கீதத்தை நீங்கள் வீட்டில் திறந்து வாசியுங்கள். துன்பத்தில் கூப்பிடுகிற மற்றச் சங்கீதங்களில் பெரும்பாலானவை எங்கேயாவது ஒரு திருப்பத்தில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை. இரவும் பகலும் கூப்பிடுகிற ஒருவன், பதில் கிடைக்காமல், இருளைச் சொல்லியபடியே முடிக்கிறான். நான் போதகராக இருக்கும் இத்தனை ஆண்டுகளில் அதைப் பிரசங்கித்ததே இல்லை. வேதத்தைத் தொகுத்தவர்கள் அதை வடிகட்டி நீக்கிவிடவில்லை. நான்தான் நீக்கி வைத்திருந்தேன்.

காட்சியகத்தின் பின்புறத்தில் வளைகுடாவைப் பார்த்தபடி ஒரு மேடை உண்டு. அங்கே போய் உட்கார்ந்தோம். குளிர் காற்று, கீழே பாறைகளில் அலை மோதிக்கொண்டிருந்தது. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். விளக்கம் எதுவும் சேர்க்காமல் கேட்பது எனக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பிறகு, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"அக்கா எப்படிப் போனார்கள்? சொல்."

ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவர் பேசினார். அவர் சொன்னதை இங்கே எழுதமாட்டேன், அது அவருடையது. அவர் கர்த்தரைக் கடிந்துகொண்ட இடங்கள் அதில் இருந்தன. என் நாவில் பதில்கள் எழுந்தன; எழுந்த ஒவ்வொன்றையும் விழுங்கினேன். நடுவில் மருத்துவமனை நண்பர் மூன்று காபிக் கோப்பைகளோடு வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அவருடைய மறுபக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு நாளும் மரணப் படுக்கைகளின் அருகே நிற்கிற மனிதர் அவர். எப்போது பேசக்கூடாது என்று அறிந்திருந்தார்.

யோபுவின் நண்பர்கள் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். அவர்களைக் குறைசொல்லியே நாம் பழகிவிட்டோம். ஆயினும் அவர்கள் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தார்கள்: அவன் துக்கம் மிகக் கொடியது என்று கண்டு, ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாம் நாள் விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டுப்போனார்கள். நானோ அந்த ஏழு நாட்களைத் தாண்டிக் குதித்து, நேராக எட்டாம் நாளில் போய் நின்றவன்.

ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். வடிகட்டிய நீர் பொய்யான நீர் என்று நான் சொல்ல வரவில்லை. அதுவும் அதே வளைகுடாவின் நீர்தான். தெளிவு இல்லாவிட்டால் அந்தச் சிறுவர்கள் எதைப் பார்த்து வியந்திருப்பார்கள்? வாக்குத்தத்தங்கள் நமக்கு வேண்டும்; உயிர்த்தெழுதலின் நம்பிக்கை இல்லாமல் ஒரு அடக்க ஆராதனையை என்னால் நடத்தவே முடியாது. ஆனால் துக்கத்தில் இருக்கிறவர்களைத் தெளிவு தெரியும்படி நிற்கவைத்துவிட்டு, அவர்கள் உயிர்பிழைக்க வேண்டிய இரவு நீரை நாம் அடைத்துவிடுகிறோம். கேள்வியும் புலம்பலும் கோபமும் கலந்து வருகிற அந்த நீரிலும் கர்த்தர் ஆகாரம் வைத்திருக்கிறார். இரண்டு ஆண்டுகள் ஒரே சங்கீதத்தைச் சொன்ன என் நண்பரின் விசுவாசம் செத்துப்போயிருக்கவில்லை. பாறையைப் பற்றிய பிடிப்பை அவர் விடவே இல்லை. இருட்டில், எவரும் பாராமல், அது உண்டு வாழ்ந்துகொண்டிருந்தது.

திரும்பி வரும் வழியில் அவர் காரின் பின்னிருக்கையில் தூங்கிவிட்டார். அவரை மகள் வீட்டில் இறக்கிவிட்டபோது, "செவ்வாய்க்கிழமை கூப்பிடு. வசனம் அனுப்பாதே, கூப்பிடு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். செவ்வாயன்று கூப்பிட்டேன். அவருடைய பேத்தியின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினோம். ஜெபிக்கலாமா என்று நான் கேட்கவில்லை. கடைசியில் அவரே, "சரி, ஒரு சின்ன ஜெபம் செய்" என்றார். என் ஊழியத்தில் இவ்வளவு சிறிய ஜெபத்தை நான் செய்ததில்லை.

நம் சபையிலும் இந்த ஆண்டு வெறுமையான நாற்காலிகள் உண்டான வீடுகள் இருக்கின்றன. குழந்தையை இழந்தவர்கள், வேலையை இழந்து வெளியே சொல்லாதவர்கள், ஊரில் தாய் மரித்தபோது போக முடியாமல் திரையில் அடக்கத்தைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு நானும் ஆறு மணி வசனம் அனுப்பியிருக்கிறேன். உங்களிடம் நான் வந்து உட்கார்ந்து கேட்கத் தவறியிருந்தால், என்னை மன்னியுங்கள். இன்னும் கேட்கலாம் என்றால், சொல்லுங்கள், வருகிறேன்.

இந்த வாரம் நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு வீட்டுக்குப் போங்கள். பதில் எதையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள், கேட்டபின் காத்திருங்கள்.

இருளையும் அறிந்திருக்கிற எங்கள் ஆண்டவரே, தெளிவாய்ப் பேசும் அவசரத்திலிருந்து எங்களை விடுவியும். இரவில் விழித்திருக்கிறவர்களோடு விழித்திருக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.

வருகிற ஞாயிறு எண்பத்தெட்டாம் சங்கீதத்தைத் தியானிப்போம். வேதத்தோடு வாருங்கள்.