இரண்டு மழையும் இரண்டு ஜுரமும்

மற்ற ஜில்லாக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு மழைக்காலத்தை எதிர்பார்த்து வானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். கன்னியாகுமரி ஜில்லாவுக்கோ இரண்டு! ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை கேரளத்தோடு சேர்த்து இதையும் நனைக்கிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை மற்றத் தமிழ்நாட்டோடு சேர்த்து மறுபடியும் நனைக்கிறது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து வயல்களும் குளங்களும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருப்பது இதனால்தான். மழை வந்தால் கூடவே தும்மலும் இருமலும் வரும். நம் நாட்டின் பல பாகங்களில் 'ப்ளூ' ஜுரம் தலைதூக்குவதும் மழைக்காலத்தில்தானே!

நாகர்கோவிலிலிருந்து தக்கலை, திருவட்டாறு வழியாகக் குலசேகரத்துக்குப் பஸ்ஸில் போனால், போகப் போக நெல்வயல் மறைந்து ரப்பர் மரங்கள் அணிவகுத்து நிற்கும். மரத்துக்கு மரம் இடுப்பில் ஒரு சிரட்டை, அல்லது ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். விடியற்காலையில் பட்டையைக் கீறினால் பால் சொட்டுச் சொட்டாக அதில் விழும். அடைமழையில் பால் வெட்டு நடக்காது. அதற்காகக் கிண்ணம் சும்மா இருக்குமா? மழைத் தண்ணீரை ஏந்திக் கொள்ளும். கறுப்பு உடம்பில் வெள்ளை வரி போட்ட புலிக்கொசு அதில் முட்டையிடும். சிக்குன்குனியாவைப் பரப்பும் கொசுக்களில் அதுவும் ஒன்று.

இந்த வியாதி முதலில் அடையாளம் காணப்பட்டது ஆப்பிரிக்காவில், 1952-ல். மூட்டு வலியால் ஆள் வளைந்து போவதை அந்த ஊர்ப் பாஷையில் சொன்ன சொல்லே பெயராகிவிட்டது. 1963-ல் கல்கத்தாவிலும் 1964-ல் சென்னையிலும் வந்து போயிற்று. பிறகு பல வருஷம் ஓய்ந்திருந்து, 2005-ம் வருஷக் கடைசியில் திரும்பியது. 2006-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 14 லட்சம் பேரைச் சந்தேக நோயாளிகளாகக் கணக்கெடுத்தார்கள். 2007-ல் பக்கத்துக் கேரளத்தில் பெரிதாகப் பரவியது. ஜுரம் ஒரு வாரத்தில் இறங்கிவிடும். மூட்டு வலியோ சிலரை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்கூட விடுவதில்லை.

"பழைய தீனந்தானோ?"

குலசேகரத்தை அடுத்த ஒரு வீட்டுத் திண்ணையில் கம்பளியைப் போர்த்திக் கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். பால் வெட்டிப் பழகிய கை. விரல் கணுக்கள் தடித்திருந்தன. சில வருஷங்களுக்கு முன் சிக்குன்குனியா வந்ததாம். இப்போது மூன்று நாளாக ஜுரம், தொண்டை வலி, இருமல்.

"முட்டு நிமிர மாட்டேங்கு மக்ளே. அண்ணைக்கு வந்த தீனந்தான் திரும்பி வந்திருக்கோ?" என்றார்.

"டாக்டரிடம் காட்டினீர்களா, அம்மா?"

"எதுக்கு? அப்பம் தந்த மாத்திரை மிச்சம் கெடக்கே!"

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. சிக்குன்குனியா ஒரு முறை வந்தவருக்குப் பொதுவாக மறுபடி வருவதில்லை. அதில் இருமலும் சாதாரணமாக இருக்காது. இருமல், தொண்டை வலியோடு திடீரென்று ஜுரம் வந்தால் ப்ளூவாக இருக்கலாம். ப்ளூவிலும் உடம்பு முறித்துப் போட்டது போல் வலிக்கும். ஏற்கெனவே நொந்த மூட்டில் அந்த வலியும் சேர்ந்தால், பழைய வியாதியே வந்துவிட்டதாகத் தோன்றும். அது டெங்குவாகவோ, வயல்காட்டு எலிக்காய்ச்சலாகவோ இருந்தாலும் ஆரம்பத்தில் வித்தியாசம் தெரியாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

பழைய வலி மாத்திரையைத் தொடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின், டைக்ளோபினாக் போன்றவை ரத்தக் கசிவை உண்டாக்கலாம். ஜுரத்துக்கு அளவோடு பாரசிட்டமால் போதும்.

டாக்டரிடம் புது ஜுரத்தை மட்டுமல்ல, பழைய கதையையும் சொல்லுங்கள். மூட்டுக்காக ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர்கள் அதை அவசியம் சொல்ல வேண்டும். அவை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால் ப்ளூ கடுமையாகலாம். அதற்காக அவற்றை நீங்களாகவே நிறுத்திவிடவும் கூடாது. ப்ளூவுக்கென்று உள்ள மருந்தை இரண்டு நாளுக்குள் தொடங்கினால் பலன் அதிகம்; ஆகையால் தாமதம் வேண்டாம்.

கஞ்சியும் சுக்குக் காபியும் தாராளமாகக் கொடுக்கலாம். படுத்து ஓய்வெடுக்க வேண்டும். குமரி ஜில்லாவின் உழிச்சல் பேர் பெற்றதுதான். ஆனால் ஜுரமும் வீக்கமும் உள்ளபோது அழுத்தித் தடவ வேண்டாம். ஜுரம் இறங்கியதும் விரல்களை மெள்ள மடக்கி நீட்டிப் பழகலாம்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், ரத்தக் கசிவு, இறங்கிய ஜுரம் மறுபடி ஏறுதல் - இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ப்ளூ கிருமி அடிக்கடி வேஷம் மாற்றுவதால், தடுப்பூசியை வருஷந்தோறும் போட்டுக் கொள்ள வேண்டும். வயதானவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்டு மழைக்கு முன்பே போட்டுக் கொள்வது நல்லது. கொசுவுக்கு மருந்து இன்னும் சுலபம்: பால் வெட்டாத நாளில் சிரட்டையைக் கவிழ்த்து வைப்பது.

திண்ணை அம்மாள் அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். மிச்ச மாத்திரைகளையும் ஒரு காகிதத்தில் மடித்து, டாக்டரிடம் காட்ட எடுத்துக் கொண்டார். பழைய கதையைச் சொல்ல அதைவிட நல்ல வழி ஏது?