12.60 என்ற எண் பிறக்கும் இடம்

மட்டக்களப்பு வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். அதன் உப்புக்காற்று கரையோரத்துச் செப்புக்கம்பி எதையும் விட்டுவைப்பதில்லை. கோட்டைமுனைப் பக்கமுள்ள ஒரு பழுதுபார்க்கும் கடையின் மேசை நிறைய அந்தக் காற்று அரித்த பொருட்களே கிடந்தன. தோணி விளக்குக்கான 12 வோல்ற் பற்றரி, நீர்ப்பம்பி, ரேடியோ என்று எதைத் தொடுவதற்கு முன்னும் கடைக்கார அண்ணனின் கை மல்ரிமீற்றரைத்தான் தேடியது. அந்த மீற்றருக்குள் நடப்பதைப் பார்க்கவே நான் போயிருந்தேன்.

இலக்கங்களில் சில கோடுகள் மறைந்த மீற்றர் ஒன்று பழுதுக்கு வந்திருந்தது. முதலில் வயர்களைப் பிடுங்கி, 9 வோல்ற் பற்றரியைக் கழற்றிவிட்டுத் திருகுகளைத் திறந்தார். உள்ளே ஒரே பலகை. சுழல் சுவிச்சுக்கு அடியில் வட்டவட்டமாகச் செப்புத் தடங்கள். கறுப்புப் பிசினால் மூடிய ஒரு சிப். 1970களில் இன்டர்சில் நிறுவனம் கொண்டுவந்த 7106 என்ற சிப்பின் வழிவந்தவையே இத்தகைய மலிவு மீற்றர்களில் பெரும்பாலும் இருக்கின்றன.

அந்தச் சிப்புக்குப் பெரிய வோல்ற்றளவு ஆகாது. 200 மில்லிவோல்ற்றுக்கு உட்பட்டதையே அது அளக்கும். சுவிச்சை 20 வோல்ற்றில் வைத்தால், தடைகளின் வரிசை வருவதை நூறில் ஒன்றாகக் குறைக்கும். 12.6 வோல்ற் பற்றரி சிப்புக்கு 126 மில்லிவோல்ற்றாகவே போய்ச் சேரும்.

அடுத்ததை அண்ணன் குடத்தை வைத்து விளக்கினார். "எவ்வளவு வருதெண்டு தெரியாத பைப்பில குறிச்ச நேரத்துக்குக் குடத்தப் பிடிங்க மனே. பிறகு அளவு தெரிஞ்ச ஓட்டையால தண்ணியத் திறந்து விட்டு, காலியாக எவ்வளவு நேரம் எண்டு எண்ணுங்க." குடத்தின் இடத்தில் இருப்பது ஒரு கப்பாசிற்றர். உள்ளே வரும் 126 மில்லிவோல்ற் அதை 1000 துடிப்புகளுக்கு நிரப்பும். பிறகு 100 மில்லிவோல்ற் என்ற நிலையான அளவு அதைக் காலியாக்கும். அதற்கு 1260 துடிப்புகள் ஆகும். சுவிச் புள்ளியைச் சரியான இடத்தில் வைக்க, திரையில் 12.60 தெரியும்.

7106 சிப்பை 40 கிலோஹேர்ட்ஸில் ஓடவிட்டால் நிரப்பும் நேரம் சரியாக 0.1 விநாடி. நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் 5 முழு அலைகள் அதற்குள் அடங்கும். பக்கத்து வயரிலிருந்து புகும் இரைச்சலின் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அழித்துவிடும். மலிவான கருவிக்குள் இத்தனை நுணுக்கமான யோசனை இருப்பது எனக்குப் பெரும் வியப்பு.

மறைந்த கோடுகளுக்குக் காரணம் திரைக்கும் பலகைக்கும் நடுவிலிருந்த ரப்பர்ப் பட்டி. மின் கடத்தும் அடுக்கும் கடத்தாத அடுக்கும் மாறிமாறி அமைந்த அந்தப் பட்டியில் ஈரமும் உப்பும் படிந்திருந்தன. அல்ககோல் தொட்ட துணியால் துடைத்துத் திரும்ப அழுத்தியதும் எல்லாக் கோடுகளும் வந்தன.

அந்த மீற்றரையே தோணிப் பற்றரியில் வைத்தார். 12.5 காட்டியது. "சும்மா அளந்தா நல்லாத்தான் காட்டும். லைட்டக் கொழுவிப்போட்டுப் பாருங்க" என்றார். விளக்கைக் கொழுவியதும் எண் 10க்குக் கீழே விழுந்தது. 10 இலட்சம் ஓம் உள்தடை கொண்ட மீற்றர் பற்றரியிடமிருந்து மிகச் சொற்ப மின்னோட்டத்தையே எடுக்கும். அதனால் பற்றரியின் பலவீனம் வெளியே தெரியாது. எண்ணைத் தருவது சிப். அதை எந்த நிலையில் கேட்பது என்பதை அறிந்தவர் தொழிலாளி.

தட்டில் கருகிய மீற்றர் ஒன்றும் இருந்தது. மின்னோட்டம் அளந்த வயரை 10 அம்பியர் துளையிலேயே விட்டு, யாரோ வீட்டின் 230 வோல்ற்றில் முனைகளை வைத்திருக்கிறார்கள். அந்தத் துளைக்குப் பின்னால் இருப்பது ஓமில் நூறில் ஒரு பங்கு அளவே தடையுள்ள தடித்த கம்பி. பல மலிவு மீற்றர்களில் அந்தப் பாதைக்குப் பியூஸே கிடையாது. நல்ல மீற்றரில் மணல் நிரப்பிய பியூஸ் அங்கே தீப்பொறியை அடக்கும்.

தொழில் பழக வரும் பிள்ளைகளிடம் மீற்றரைக் கொடுக்குமுன், பழைய ஒன்றைத் திறந்து அந்தக் கம்பியைக் காட்ட வேண்டும். வயரை எந்தத் துளையில் விட்டோம் என்று ஒவ்வொரு தடவையும் பார்க்கும் பழக்கம் அங்கிருந்துதான் வரும். அந்தப் பழக்கம் உயிரைக் காக்கும்.