குறில் நெடில் கிடார்

கிடார் கத்துக்கறவங்க எல்லாரும் முட்டி நிக்கிற இடம் எஃப் கார்டு. ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்ல குறுக்கே படுக்கவெச்சு ஆறு கம்பியையும் அமுக்கணும். விரல் செத்துரும். ஆனா கொஞ்ச மாசத்துல பழகிரும் மக்களே. தமிழ்ல சொந்தமா பாட்டுக் கட்டறவனுக்கு அதைவிடப் பெரிய வில்லன் குறில், நெடில்!

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டுன்னு தொல்காப்பியர் அன்னிக்கே சொல்லிட்டார். மெட்டு எங்க கேக்குது? இழுக்கற இடத்துல குறில் மாட்டினா மலை மாலையாயிடும், கல் காலாயிடும்.

எங்க பெங்களூர் ரூம்ல ஞாயித்துக்கிழமை ஆளுக்கொரு சொந்தப் பாட்டு வாசிச்சுக் காட்டுவோம். ஒரு தடவை நண்பர் ஒருத்தர் பிரிஞ்சுபோன காதலிக்குப் பாட்டு எழுதிட்டு வந்தார். பல்லவி 'விடு'ன்னு முடியும். மெட்டு இழுத்த இழுப்புல எங்க காதுல 'வீடு'ன்னு விழுந்துச்சு. சொன்னா சிரிப்பார்னு பாத்தோம். மனுஷன் அமைதியாயிட்டார். அப்பாகூட சண்டை போட்டுட்டு ஊர்ப்பக்கம் போயி ரெண்டு வருஷமாச்சாம். அடுத்த வாரம் அதே மெட்டு. காதலியைக் காணோம், பாட்டு பூரா வீடுதான். தீபாவளிக்கு டிக்கெட்டும் போட்டாச்சுன்னார்.

அதனால பாட்டு எழுதினா பூட்டி வெக்காதீங்க. நாலு பேர்கிட்ட வாசிச்சுக் காட்டுங்க. நாம என்ன எழுதியிருக்கோம்னு சில சமயம் அவங்களுக்குத்தான் முதல்ல கேக்கும்.

எனக்கு இன்னும் பி மைனர் வரல. அது தனிப் பதிவு :)