அவர் முதலில் எங்கள் ஆள்



போன கோடையில் சபைகளுக்கிடையே நடந்த கால்பந்துப் போட்டியில் நாம் 3-1 என்று தோற்றது உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் அன்று நம்மில் பலருக்கு வலித்தது அந்தத் தோல்வி அல்ல. ஏழு வருடம் நம் ஜெர்சியைப் போட்டு ஆடிய ஒரு தம்பி, எதிரணிப் பக்கம் விசிலும் தண்ணீர் பாட்டில்களுமாக நின்றுகொண்டிருந்தான்.

முழங்கால் லிகமென்ட் கிழிந்து ஆபரேஷன் ஆன பிறகு அவனால் பழையபடி ஆட முடியவில்லை. வேலையும் மாறி, நகரத்தின் அந்தக் கோடிக்குக் குடிபோனான். அங்கே உள்ள சபைப் பையன்கள், "எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளே இல்லண்ணா" என்று கேட்டிருக்கிறார்கள். போனான். நடந்தது அவ்வளவுதான்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவன் பக்கத்தில் வந்ததும் நம்மில் ஒருவர், "வாங்க யூதாஸ், சமோசா எடுத்துக்கோங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். எடுத்த சமோசாவைக் கடிக்காமலே கையில் வைத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டான்.

அவன் ஏன் என்னைப் பார்த்தான் என்று எனக்குத் தெரியும். ஆபரேஷன் முடிந்த நாட்களில் வாரம் இரண்டு முறை அவன் வீட்டுக்குப் போய், அந்தக் காலை மடக்கி நீட்டப் பழக்கியவள் நான். "அக்கா, இனி நான் ஆடவே முடியாதா?" என்று அவன் அழுததைப் பார்த்தவளும் நான்தான்.

சில வாரம் கழித்து ஒரு நைட் டியூட்டி. எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் தூக்கம் வராமல் படுத்திருந்தார். கட்டில் கம்பியில் வானநீலத் துண்டு ஒன்று கட்டியிருந்தது. மான்செஸ்டர் சிட்டி ரசிகர். அவரைக் கொஞ்சம் சீண்டலாம் என்று, "எங்க நாகர்கோவில்ல மான்செஸ்டர்னு சொன்னா யுனைடெட்தான் தெரியும். மாட் பஸ்பி பேரைக்கூட அங்கேயே கேட்டிருக்கேன்" என்றேன். ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கிளிப் மாட்டிய விரலை அவர் உயர்த்தினார். "பஸ்பியா? அவர் முதலில் எங்கள் ஆள்" என்றார்.

நான் நம்பவில்லை. ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தை ஒட்டிய தெருவுக்கே பஸ்பியின் பெயர்தானே வைத்திருக்கிறார்கள்! ஆனால் லீவு நாளில் உட்கார்ந்து படித்தபோது பெரியவர் சொன்னது சரி என்று தெரிந்தது. அந்தக் கதையை உங்களுக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மாட் பஸ்பி 1909-இல் ஸ்காட்லாந்தில் ஒரு சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவர். அப்பா முதல் உலகப் போரில் இறந்துபோனார். 1928-இல், 18 வயதில், மான்செஸ்டர் சிட்டி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆரம்ப வருடங்கள் நன்றாக இல்லை. முன்வரிசையில் 'இன்சைட் ஃபார்வர்டு' இடத்தில் ஆடினார், எடுபடவில்லை. ஊர் நினைப்பு வேறு. வெளிநாட்டுக்கு வந்த முதல் வருடத்தில் நம்மில் எத்தனை பேர் பெட்டியைக் கட்டிவிடலாமா என்று யோசித்திருக்கிறோம்? அவரும் யோசித்தார். பிறகு அவரைப் பின்னால் இழுத்து 'ரைட் ஹாஃப்' இடத்தில் ஆட வைத்தார்கள். அங்கேதான் அவருடைய ஆட்டம் மலர்ந்தது.

1934-இல் சிட்டி எஃப்.ஏ. கோப்பையை வென்றபோது பஸ்பி அந்த அணியில் இருந்தார். அன்று சிட்டியின் கோல்கீப்பர் ஃபிராங்க் ஸ்விஃப்ட் என்ற இளைஞர். ஆட்டம் முடிந்த விசில் ஊதியதும் படபடப்பு தாங்காமல் மைதானத்திலேயே மயங்கி விழுந்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மறுபடியும் வருவார்.

சிட்டிக்காக 200 ஆட்டங்களுக்கு மேல் ஆடிய பஸ்பி, 1936-இல் 8,000 பவுனுக்கு லிவர்பூலுக்கு மாறினார். அங்கே கேப்டனும் ஆனார். போர் வந்தது, ராணுவத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக வேலை பார்த்தார். போர் முடியும் சமயம் அவருக்கு வயது 35. ஆடும் காலம் முடிந்துவிட்டது. லிவர்பூல் அவரைத் தன் பயிற்சிக் குழுவிலேயே வைத்துக்கொள்ள விரும்பியது.

அப்போதுதான் யுனைடெட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் லூயிஸ் ரோக்கா என்ற பழைய நண்பர். லிவர்பூல்காரர்கள் கண்ணில் பட்டுவிடுமோ என்று பயந்து கடிதத்தை ராணுவ முகவரிக்கு அனுப்பினார். என்ன வேலை என்பதையும் உடைத்து எழுதவில்லை. இன்று இந்த மூன்று அணிகளுக்கும் இடையில் இருக்கும் பகை அன்று இந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் ஒரு கடிதத்தைக்கூட மறைத்து அனுப்பும் அளவுக்கு விஷயம் நாசூக்காகத்தான் இருந்திருக்கிறது.

1945 பிப்ரவரியில் பஸ்பி ஒப்புக்கொண்டார். சிட்டிக்காக ஆடியவர், லிவர்பூலுக்குக் கேப்டனாக இருந்தவர், யுனைடெட்டின் மேனேஜர் ஆனார். லிவர்பூலில் கிடைத்திருக்கக்கூடியது இன்னொருவருக்குக் கீழே துணை வேலை. இங்கே யாரை ஆட வைப்பது, எப்படிப் பயிற்சி கொடுப்பது என்பதைத் தானே முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டார். மூன்று வருட ஒப்பந்தம் என்றார்கள். ஐந்து வருடம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்.

அப்படி அவர் போய்ச் சேர்ந்த இடம் வசதியான இடமா? இல்லை. 1941 மார்ச்சில் ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டில் ஓல்ட் டிராஃபோர்டு சிதைந்து கிடந்தது. கிளப்புக்குக் கடன். சொந்த மைதானம் இல்லாமல் யுனைடெட் எங்கே ஆடியது தெரியுமா? சிட்டியின் மெயின் ரோடு மைதானத்தில், வாடகைக்கு! 1949 வரை அப்படித்தான். ஆக, பஸ்பி எந்த மண்ணில் சிட்டி ஜெர்சியோடு ஓடினாரோ, அதே மண்ணில் யுனைடெட் பையன்களை ஆட வைத்தார். பழைய அணியின் ரசிகர்கள் வசிக்கும் தெருக்கள் வழியாகத்தான் புதிய வேலைக்குப் போயிருப்பார். அவருக்கும் யாராவது சமோசா நீட்டியிருப்பார்களோ என்று எனக்குத் தோன்றியது.

அவர் அங்கே கொண்டுபோனது எதை? இதுதான் என்னை யோசிக்க வைத்தது. ஜானி கேரி, ஜான் ஆஸ்டன் என்ற இருவரும் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். பஸ்பி அவர்களைப் பின்வரிசைக்கு மாற்றினார். அவர்களோடு 1948-இல் யுனைடெட் எஃப்.ஏ. கோப்பையை வென்றது, கேரிதான் கேப்டன். ஒருவன் தவறான இடத்தில் நின்றால் அவனுக்குத் திறமையே இல்லை என்று தோன்றும், இடத்தை மாற்றினால் மலர்வான் என்பதை சிட்டியில் தன் உடம்பிலேயே கற்றவர் அவர். மேனேஜர் என்றால் கோட்டு சூட்டோடு அறையில் உட்கார்ந்திருப்பவர் என்றிருந்த காலத்தில், இவர் டிராக் சூட் போட்டுக்கொண்டு பையன்களோடு மைதானத்தில் இறங்கினார். தனிமையில் வாடிய பையனாக இருந்தவருக்குப் பையன்களின் தனிமை தெரியும்தானே!

இதைப் படித்தபோது என் சொந்தக் கதை ஒன்று நினைவுக்கு வந்தது. எட்டு வருடம் வேலை பார்த்த வார்டை விட்டு, இதே நகரத்தில் வேறொரு ஆஸ்பத்திரிக்கு, புதிதாக வரும் நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு நான் மாறினேன். கடைசி நாளில் கூட வேலை பார்த்த ஒருவர், "இங்க கத்துக்கிட்டதெல்லாம் இனி அவங்களுக்கா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் கேக்கை வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது கேட்டால் பதில் சொல்வேன். நரம்பு கண்ணுக்குத் தெரியாத பேஷன்டுக்கு ஊசி போடும்போது கண்ணை விட்டுவிட்டு விரலை நம்ப வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நாகர்கோவிலில் பி.எஸ்சி. நர்சிங் படித்தபோது எங்களுக்கு இருந்த ஒரு டீச்சர். அது அந்தக் கல்லூரியின் சொத்தா? அவருக்கும் யாரோ கற்றுக்கொடுத்திருப்பார்கள். கையில் ஏறிய வேலை கூடவேதான் வரும். அதைக் கழற்றி வைத்துவிட்டு வர முடியாது. ஆனால் கொண்டுபோகக் கூடாதவையும் உண்டு. பழைய வார்டின் பேஷன்டுகள் விஷயம், அங்கே யார் எப்போது தவறு செய்தார்கள் என்ற கதை, யாருக்கும் யாருக்கும் ஆகாது என்ற பேச்சு. இவற்றை நான் புது இடத்தில் திறக்கவில்லை. துரோகம் என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான் இருக்கிறது. வாசலைத் தாண்டிப் போவதில் இல்லை.

பஸ்பியின் கதைக்குத் திரும்புவோம். 1958 பிப்ரவரி 6. பெல்கிரேடில் ஆடிவிட்டுத் திரும்பிய யுனைடெட்டின் விமானம் எரிபொருள் நிரப்ப மியூனிக்கில் இறங்கியது. மறுபடி கிளம்பும்போது, மூன்றாவது முயற்சியில், ஓடுபாதையில் இருந்த பனிச்சேற்றில் வேகம் எடுக்க முடியாமல் விபத்துக்குள்ளானது. இறந்தவர்கள் மொத்தம் 23 பேர். அவர்களில் எட்டுப் பேர் யுனைடெட் ஆட்டக்காரர்கள்.

இறந்தவர்களில் ஃபிராங்க் ஸ்விஃப்டும் ஒருவர். ஆம், 1934-இல் மயங்கி விழுந்த அதே சிட்டி கோல்கீப்பர். கடைசி வரை வேறு கிளப்புக்கு மாறாதவர். ஓய்வுக்குப் பிறகு பத்திரிகையாளராகி, அந்தப் பயணத்தைப் பற்றி எழுதப் போயிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் பிரிந்தது. சிட்டியில் ஒன்றாகக் கோப்பை வென்ற இருவர், 24 வருடம் கழித்து, யுனைடெட்டின் விமானத்தில் ஒன்றாக இருந்தார்கள். அந்தப் பனியில் கிடந்தவர்களில் யார் எந்த ஜெர்சி என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பஸ்பி ஆக்ஸிஜன் கூடாரத்துக்குள் கிடந்தார். பிழைக்க மாட்டார் என்று அவருக்கு இரண்டு முறை கடைசி ஜெபம் செய்தார்கள். யார் யார் இறந்தார்கள் என்பதை அவருக்குச் சொல்லாமல் வைத்திருந்தார்கள். ஒரு நாள் அவர் மனைவி ஜீனிடம் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். உயிரோடு இல்லாதவர் பெயர் வந்தபோது ஜீன் தலையை மட்டும் அசைத்தார். நர்ஸாக நானும் அப்படிப்பட்ட கட்டில்களின் ஓரத்தில் நின்றிருக்கிறேன். அந்த இடத்தை என்னால் வேகமாகப் படித்துக் கடக்க முடியவில்லை.

இனி கால்பந்தே வேண்டாம் என்று இருந்தவர், ஜீன் கொடுத்த தைரியத்தில் திரும்பி வந்தார். பத்து வருடம் கழித்து, 1968 மே 29 அன்று, யுனைடெட் பென்ஃபிகாவை 4-1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது. அந்தக் கோப்பையை வென்ற முதல் இங்கிலாந்து அணி அதுதான். அதே மாதம் 11-ஆம் தேதி லீக் பட்டத்தை அவர் கையிலிருந்து தட்டிக்கொண்டுபோனது யார் தெரியுமா? அவருடைய பழைய சிட்டிதான்!

அடுத்த டியூட்டியில் இதையெல்லாம் பெரியவரிடம் சொல்ல நினைத்துப் போனேன். அவர் குணமாகி வீட்டுக்குப் போயிருந்தார். ஆனால் அவர் "அவர் முதலில் எங்கள் ஆள்" என்று சொன்னபோது அந்தக் குரலில் கோபமே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெருமைதான் இருந்தது. எங்களிடம் வளர்ந்தவன் பார் என்று பெருமைப்படும் உரிமை அவருக்கு இருந்தது. ஒருவன் போன பிறகும் ஓர் அணிக்கு மிச்சம் இருப்பது அந்தப் பெருமைதான். நாம் அதை ஒரு சமோசாவுக்கும் ஒரு சிரிப்புக்கும் விற்றுவிட்டோம்.

அன்று சாயங்காலமே தம்பிக்குப் போன் செய்தேன். கால் எப்படி இருக்கிறது என்று ஆரம்பித்தேன். "பரவாயில்லக்கா" என்றான். பிறகு இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அன்னைக்கு நீங்களும் சிரிச்சீங்கல்ல?" என்று அவனே கேட்டான்.

"ஆமாப்பா. சிரிச்சிருக்கக் கூடாது. தப்பு என்னோடதுதான்."

"பசங்களுக்கு முழங்காலைப் பாதுகாக்க நீங்க எனக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியைத்தான்க்கா ஆட்டத்துக்கு முன்னாடி செய்ய வைக்கிறேன். ஒருத்தனுக்கும் என் கதி வரக் கூடாதுல்ல" என்றான். எனக்குத் தொண்டை அடைத்தது. நான் அவனுக்குக் கொடுத்ததை அவன் அங்கே பத்துப் பதினைந்து பையன்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

வருகிற கோடையில் மறுபடியும் அந்த அணியோடு நமக்கு ஆட்டம் இருக்கும். ஜெயிக்கத்தான் ஆடப் போகிறோம். அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது அவன் வந்தால், முதல் சமோசாவை நான் எடுத்துக் கொடுக்கப் போகிறேன். பக்கத்தில் நிற்கும் அவன் பையன்கள் நான் யார் என்று கேட்டால், பெரியவர் சொன்னதையே சொல்வேன்: உங்க கோச் இருக்காரே, அவர் முதல்ல எங்க ஆள்.