வழிப்போக்கர் வண்டிக்கு ஒரு வளவு

கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபோது, அவர்கள் எதிர்பார்த்தது இலக்கணம் பற்றியோ இலக்கிய நயம் பற்றியோ ஒரு கட்டுரையாகவே இருந்திருக்கும். இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வரும் பயிற்றப்பட்ட ஆசிரியரிடம் வேறெதனை எதிர்பார்ப்பது? ஆயினும் அண்மைக் காலத்தில் எமது நெஞ்சைப் பெரிதும் அலைத்த விடயம் ஒன்று உண்டு. அது ஒரு காணியைப் பற்றியது. அக்காணியிலே வழிப்போக்கருடைய வண்டிகள் இராத் தங்குதற்கு ஓரிடம் அமைக்க யாம் பட்ட பாட்டைப் பற்றியது. பழைய மாணவர் பலர் பிறநாடுகளிலிருந்து வந்து தத்தம் முதுசக் காணியிலே ஏதேனும் செய்ய எண்ணும் இந்நாளில், எமது அநுபவம் சிலருக்கேனும் பயன்படலாம் என்று கருதி அதனையே எழுதத் துணிந்தோம்.

கீரிமலைக்குச் செல்லும் வீதியோரத்தில் எமக்கும் எம் தமையனாருக்கும் பொதுவாகப் பத்துப் பரப்புக் காணி உண்டு. பரப்பொன்று பத்துப் பேர்ச். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பது அன்பர்கள் அறிந்ததே. வீதியை நோக்கிய முகப்பு 110 அடி. உள்நீளம் ஏறத்தாழ 247 அடி. அதன் முன்மூலையிலே எம் பாட்டனார் கட்டுவித்த சிறு மடமொன்று இருந்தது. பக்கத்தில் ஒரு கிணறு, ஒரு சுமைதாங்கி, மாடுகள் உடலை உரைஞ்சுதற்கு ஓர் ஆவுரோஞ்சிக் கல் என்பனவும் இருந்தன. ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் நீராடித் தந்தையர்க்குப் பிதிர்க்கடன் கழிக்கச் செல்வோர், முதல்நாள் மாலையில் வண்டிகளை அவிழ்த்து மாடுகளுக்கு நீர் காட்டி, மரத்தின்கீழ் மூன்று கல் கூட்டி உலையேற்றி, மடத்துத் திண்ணையிலே படுத்துறங்கி, விடியுமுன் எழுந்து செல்வர் என்று பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். பருத்தித்துறையிலே வீதியையே கூரையால் மூடி நிற்கும் தெருமூடி மடத்தைக் கண்டவர்கள், வழிநடையையும் வண்டியையும் எம் முன்னோர் எவ்வளவு கருத்தோடு எண்ணினர் என்பதை உணர்வர்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது யாமும் பெயர்ந்தோம். மறு ஆண்டு திரும்பி வந்து பார்க்கையில் மடத்தின் கூரை இல்லை. கிணறு இடிந்து தூர்ந்து கிடந்தது. ஏறத்தாழ ஓராண்டு காலம் அயல் வளவு மாமியின் கிணற்றிலேதான் அள்ளிக் குடித்தோம். இச்செய்தியை வாசகர் மனத்திற் கொள்க. பின்னர் இதனிடம் மீண்டும் வருவோம்.

2018ஆம் ஆண்டு விடுமுறையில், இலண்டனில் வாழும் அண்ணர் எம்மை அழைப்பித்தார். அங்கே அவர் எம்மைக் கூட்டிச் சென்ற இடங்கள் பலவற்றுள் எம் நினைவில் நிலைத்தது ஒரு கமக்காரரின் புல்வெளி. கரவன் எனப்படும் வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்து, அதிலேயே உண்டு உறங்கி, இரண்டு இரவுகள் அப்புல்வெளியிலே தங்கினோம். அவ்வண்டியின் வரலாறும் சுவையானதே. கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் வைத்தியர் 1885ஆம் ஆண்டு பிறிஸ்டலிலே ஒரு வண்டியைச் செய்வித்து, இரண்டு குதிரைகள் பூட்டி நாட்டைச் சுற்றிவந்தார். உல்லாசப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட முதற் கரவன் அது என்பர். அமெரிக்காவிலே, 1962ஆம் ஆண்டில், மொன்டானா மாநிலத்துப் பில்லிங்ஸ் நகரிலே, சியாற்றில் உலகக் கண்காட்சிக்குச் செல்லும் பயணிகளுக்காக ஆற்றங்கரையில் ஒருவர் திறந்த தங்குமிடம், பின்னர் நாடெங்கும் கிளைவிட்ட பெரு நிறுவனமாயிற்று. ஒரு வண்டிக்கு ஓர் இடம், அவ்விடத்திலே நீர்க்குழாய், மின் இணைப்பு, கழிவுக் குழாய் என்னும் மூன்றும் அமைத்துக் கொடுப்பதே அந்நாட்டு முறை.

நாம் தங்கிய புல்வெளியோ மிகச் சிறியது. ஒரு நீர்க்குழாய், கழிவு ஊற்றும் வாய் ஒன்று, ஒரு குப்பைத் தொட்டி, வேறொன்றுமில்லை. நின்றவை ஐந்தே வண்டிகள்; ஒன்றற்கொன்று இருபதடி இடைவெளி. தீப்பற்றினால் அயல் வண்டிக்குத் தாவாதிருத்தற்கே அவ்விடைவெளி. பிரித்தானியாவின் 1960ஆம் ஆண்டுச் சட்டம், கரவன் சங்கங்கள் தம் உறுப்பினருக்காகச் சான்றளிக்கும் சிறு தங்குமிடங்களுக்கு ஐந்து வண்டி என்னும் எல்லையை வகுத்துள்ளது. "இவ்வளவு நிலமிருக்கப் பத்து வண்டி விட்டால் என்ன?" என்று அண்ணர் வினவினார். அக்கமக்காரர் சிரித்து, "சட்டம் ஒருபுறமிருக்க, ஐந்துக்கு மேலே வந்தால் இது என் வயலாக இராது" என்றார். அவ்விடை அன்று எம் இருவருக்கும் பொருளாகத் தோன்றவில்லை.

ஊர் திரும்பிய நாள் முதலாக அண்ணரும் யாமும் தொலைபேசியிலே திட்டம் தீட்டலானோம். இடையிலே பெருந்தொற்று வந்தது. 2022ஆம் ஆண்டிலே எரிபொருள் இன்றி நாடே நின்றது. 2023ஆம் ஆண்டு மீண்டும் தொடங்கினோம். இலங்கை வீதிகளிலும் படுக்கையும் அடுப்பும் பூட்டிய வண்டிகள் சில ஓடத் தொடங்கிவிட்டன. அவற்றினும் மிகப் பலவாக, மலையகத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் தென்னிலங்கையிலிருந்தும் வான்களிலே குடும்பம் குடும்பமாக வருவோர், வீதியோரத்திலே சமைத்து வண்டிக்குள்ளேயே உறங்குகின்றனர். அவர்களுக்கு வேண்டுவது நிழல், நீர், மறைவான குளியலிடம், அச்சமின்றி உறங்க ஓர் இடம்; அவ்வளவே.

எம்மோடு ஒரே வாங்கிலிருந்து படித்த நில அளவையாளர் ஒருவர் படம் வரைந்து தந்தார். இரு பக்கத்திலும் பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு வண்டி. ஒவ்வொன்றுக்கும் முப்பதடி நீளமும் இருபதடி அகலமும். நடுவே ஐம்பதடி வழி. கணக்கு அச்சொட்டாகப் பொருந்திற்று. அண்ணர் அனுப்பும் பணத்தையும் வங்கிக் கடனையும் நான்கு ஆண்டிலே மீட்க வேண்டுமாயின் பன்னிரண்டு வண்டி வேண்டும் என்பது அவர் கணக்கு. அதற்காக மாமரம் மூன்றும் பனை பதினொன்றும் தறிக்கப்பட வேண்டும். பன்னிரண்டு வண்டிக்கும் ஏற்ற மலகூடக் குழி காணியின் கிழக்கெல்லையிலே அமைய வேண்டும். அக்குழியிலிருந்து மாமியின் கிணற்றுக்குத் தூரம் 54 அடி. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடி வேண்டுமென்பது பொதுவிதி. ஆகவே விதி எம் பக்கமே இருந்தது. யாமும் மகிழ்ந்திருந்தோம்.

குழி தோண்டிய மூன்றாம் நாள் ஏழடி ஆழத்திலே கல் தட்டுப்பட்டது. கல்லைக் கழுவிப் பார்ப்பதற்காகத் தொழிலாளர் ஒருவர் இரண்டு வாளி நீரை ஊற்றினார். ஊற்றிய நீர் கண்ணிமைக்கும் பொழுதில் மறைந்தது. "ஐயா, கல்லுக்குள்ளை பொந்து கிடக்குது" என்றார் அவர். நிமிர்ந்து பார்த்தோம். கதியால் வேலிக்கு அப்பால் மாமி நின்றார். எழுபது வயதைக் கடந்தவர், கணவரை இழந்தவர், பிள்ளைகள் அயலில் இல்லை. அவர் கோபிக்கவில்லை, முறையிடவுமில்லை. "தம்பி, நீர் படிப்பிக்கிற ஆள். பிழையாய் ஒண்டும் செய்யமாட்டீர் எண்டு எனக்குத் தெரியும்" என்று மாத்திரம் சொல்லிவிட்டு உள்ளே சென்றார்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. இக்கல்லூரியிலே எமக்குப் புவியியல் கற்பித்த ஆசிரியர் கண்முன் வந்தார். கண்ணாடிப் பாத்திரம் ஒன்றிலே உப்புநீரை நிரப்பி, அதன்மேல் நீலம் கலந்த நன்னீரை மெல்ல மெல்ல வார்த்து, "பிள்ளைகளே, யாழ்ப்பாணம் இதுதான்" என்று காட்டியவர் அவர். எமது குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. மாரி மழை சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கின்றது. அதனையே யாம் அள்ளிக் குடிக்கின்றோம். மிகையாக இறைத்தால் உவர் மேலே ஏறும். மேலே எதனைக் கொட்டினாலும் அது கீழே இறங்கும். மணலிலே கழிவுநீர் ஊர்ந்து செல்லும். பொந்துள்ள கல்லிலோ ஓடிச் செல்லும். 50 அடி என்னும் அளவுநாடா அங்கே காவல் செய்யாது. இவற்றையெல்லாம் யாம் அறியாதவர்களல்லேம். அறிந்ததை எண்ணிப் பார்க்க விரும்பாதிருந்தோம் என்பதே உண்மை. ஓராண்டு எமக்குக் குடிக்கத் தந்த கிணற்றுக்கு யாம் செய்யவிருந்த கைம்மாறு இது.

மறுநாள் குழியை மூடுவித்தோம். அண்ணருக்குச் சொன்னபோது அவர் சினந்தார். "ஐந்து வண்டியிலே என்ன வரும்? மடம் கட்டித் தருமம் செய்யவோ நான் இரவு வேலை செய்து காசு அனுப்பினேன்?" என்றார். அவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. குளிரிலே நின்று உழைத்த பணம் அது. மூன்று மாதம் அவர் எம்மோடு பேசவில்லை. ஈற்றிலே தொலைபேசியை விடுத்துக் கடிதம் எழுதினோம். நியாயம் பேசாமல், அப்புல்வெளிக் கமக்காரர் சொன்னதையும், குழியிலே இரண்டு வாளி நீர் மறைந்ததையும் மாத்திரம் எழுதினோம். பதில் இரண்டு வரியில் வந்தது. "மாமியின் கிணற்றுத் தண்ணீர் இன்னும் பழையபடி இனிக்கின்றதா? ஐந்தே போதும்."

இனி, யாம் செய்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். மலகூடத்துக்குக் குழியை விடுத்து, அடியும் பக்கமும் சீமெந்தால் இறுக அடைத்த தொட்டி கட்டினோம். அது நிரம்பும்போது கழிவகற்றும் பவுசரை அழைத்து வெறுமையாக்குகின்றோம். செலவுதான், ஆயினும் மனம் அமைதியாக உள்ளது. குளியல் நீர் வழக்கம்போல் வாழைப் பாத்திக்குச் செல்கின்றது. சவர்க்காரத்தை அளவோடு பயன்படுத்துக என ஒரு பலகையில் எழுதி வைத்துள்ளோம்.

மரங்களில் ஒன்றையும் தறிக்கவில்லை. மாமர நிழலை வண்டிகளுக்கு ஒதுக்கினோம். பனையின் கீழே மாத்திரம் எவரையும் நிறுத்த விடுவதில்லை. ஆவணியிலே பனம்பழம் விழுந்தால் வண்டிக் கூரை தாங்காது. காய்ந்த மட்டையும் ஆளைக் காயப்படுத்தும். முதல் மாரியிலே செம்மண் சேறாகி வானொன்று அச்சுவரை புதைந்தது. அதன்பின் சக்கரம் படும் இடமெல்லாம் சல்லிக்கல் பரப்பி, நீர் வடிந்தோடச் சிறிது சரிவும் அமைத்தோம். எம் நிலம் மழைநீரைக் குடிக்க வேண்டியது. ஆகவே காணி முழுவதையும் சீமெந்தால் மூட ஒருப்படவில்லை.

மின்சாரத்திலும் ஒரு பாடம் கற்றோம். பிரித்தானியாவிலே வண்டியொன்றுக்குப் 16 அம்பியர் கொடுப்பர். எமது இணைப்போ 30 அம்பியர். 230 வோல்ற்றிலே 6,900 உவாற்று. இரண்டு வண்டியில் ஒரே வேளையில் கொதிகலனைப் போட்டாலே அது தீர்ந்துவிடும். ஆகவே வண்டிக்கு 5 அம்பியராகப் பகிர்ந்து, எஞ்சிய ஐந்தைக் கிணற்று மோட்டருக்கும் விளக்குக்கும் வைத்துக்கொண்டோம். 1,150 உவாற்றிலே விளக்கு, விசிறி, சிறு குளிர்ப்பெட்டி யாவும் நடக்கும். சோறு சமைக்க மூன்று கல் அடுப்பு இருக்கவே இருக்கின்றது. மின் கசிந்தால் தானே அறுபடும் ஆளியை ஒவ்வோர் இணைப்புக்கும் பூட்டுவித்தோம். மழையிலே வெறுங்காலோடு நிற்பவர் நடுவே இதிற் சிக்கனம் பார்த்தல் ஆகாது.

பாட்டனாரின் மடத்துக்கும் மீண்டும் ஓடு போட்டோம். வண்டியோடு வருபவர் ஒரு தொகை தருவர். நடந்து வருபவர் மடத்திலே இலவசமாகத் தங்குவர். கடன் நான்கு ஆண்டிலே தீராது. ஒன்பது ஆண்டு செல்லும் என்று கணக்குச் சொல்லுகின்றது. எம் ஓய்வூதியக் காலத்துக்கு முன் தீர்ந்துவிடும்.

2024ஆம் ஆண்டு ஆடி அமாவாசைக்கு முதல்நாள் ஐந்து வண்டியும் வந்து நின்றன. அவற்றுள் ஒன்று ஹற்றன் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். தந்தையை இழந்து முதலாண்டு. குடும்பத்து அம்மையார் கிணற்றடியிலே நீரள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, "எங்கள் மலையிலே தண்ணீர் குளிரும், இதுவோ இனிக்கின்றதே" என்றார். வேலிக்கு அப்பால் நின்ற மாமி அதைக் கேட்டு, "என்ரை கிணத்துத் தண்ணியையும் ஒருக்காக் குடிச்சுப் பாருங்கோ பிள்ளை" என்று செம்பை நீட்டினார். விடியற்காலை நான்கு மணிக்கு வண்டிகள் கீரிமலை நோக்கிப் புறப்பட்டபோது, படலையைத் திறந்து விட்டவரும் மாமியே.

கல்லூரியிலே கற்றதனால் ஆய பயன் யாது என்று விழா மேடைகளிலே பலரும் வினவக் கேட்கின்றோம். எம்மைப் பொறுத்தவரை, கண்ணாடிப் பாத்திரத்திலே நீலநிறமாய் மிதந்த அந்த நீரை, வேண்டிய வேளையில் ஒரு நாள் பிந்தியேனும் நினைவுகூர முடிந்தது, அதுவே பயன். அதனைக் காட்டித்தந்த ஆசிரியப் பெருந்தகையை வணங்கி அமைகின்றோம். அன்பர்கள் அப்பக்கம் வரின் எம் வளவிலே சற்று இளைப்பாறிச் செல்க.