கல்விச்சபை மேசையில் சாதி

ரொறொன்ரோவின் ஸ்காபரோக் கலியாண மண்டபங்களில் ஒரு விசாரணை தவறாமல் நடக்கும். கனடாவில் பிறந்த பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, ஒரு மாமி கேட்பார்: "நீங்கள் ஊரிலை எவடம்?" பிள்ளை "ஃபின்ச்சும் மார்க்கம் வீதியும்" என்று தன் வீட்டுச் சந்தியைச் சொல்லும். மாமிக்கு அது போதாது. அப்பாவின் ஊர் எது, ஊரில் எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலடி என்று கேள்வி நீண்டுகொண்டே போகும்.

எதற்காகக் கேட்கிறார் என்பது மேசையில் இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். வளர வளரப் பிள்ளைக்கும் விளங்கிவிடும். விளங்காமல் இருந்தது பள்ளிக்கூடத்துக்குத்தான். நிறத்தையோ மதத்தையோ சொல்லி ஒரு மாணவியைக் கேலி செய்தால் என்ன செய்வது என்று வெள்ளைக்கார ஆசிரியருக்குத் தெரியும். சாதியைச் சொல்லிக் கேலி செய்தால் நடந்தது கேலி என்றே அவருக்குப் புரியாது.

2023 மார்ச் 8 அன்று இது ரொறொன்ரோ மாவட்டக் கல்விச்சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் தமிழ்ப் பெண்ணான யாழினி ராஜகுலசிங்கம், சபையின் தெரிவான உறுப்பினர்களில் ஒருவர். பள்ளிகளில் சாதி ஒடுக்குமுறை இருக்கிறது என்பதை ஏற்று, அதைக் கையாளும் வழிமுறையை வகுக்க ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழுவின் உதவியைக் கேட்பதுதான் தீர்மானம். இந்து அமைப்புகள் சில கடுமையாக எதிர்த்தன. தங்கள் பிள்ளைகள்மீது புதுப் பழி விழும் என்றன. கடைசியில் 16 பேர் ஆதரித்தார்கள், 5 பேர் எதிர்த்தார்கள். கனடாவில் சாதியை இப்படி எழுத்தில் ஒப்புக்கொண்ட முதல் கல்விச்சபை அதுதான். அதே ஆண்டு ஒக்ரோபரில், சாதிப் பாகுபாடு மாகாண மனித உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று ஆணைக்குழு தன் நிலைப்பாட்டை வெளியிட்டது.

ரொறொன்ரோ வாக்கெடுப்புக்கு இரண்டு கிழமைக்கு முன்புதான், பெப்ரவரி 21 அன்று, எல்லைக்கு அப்பால் சியாட்டில் மாநகரசபை 6-1 என்ற வாக்கில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்திருந்தது. அமெரிக்க நகரங்களில் அதுவே முதல். அங்கே சட்டத்தைக் கொண்டுவந்த க்ஷமா சாவந்த் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர்.

இரு நகரங்களிலும் மற்ற உறுப்பினர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்கள் வாழ்க்கையில் சாதி குறுக்கிட்டதில்லை, அவ்வளவுதான். வீட்டுக்குள் பார்த்து வளர்ந்த ஒருத்தி வந்து உட்கார்ந்த பிறகே அது நிகழ்ச்சிநிரலில் ஏறியது.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. கரீபியன் பெண்களை வீட்டு வேலைக்கு வரவழைத்த திட்டத்தில் 1960இல் கிரெனடாவிலிருந்து வந்தவர் ஜீன் ஒகஸ்டின். பின்னர் ஆசிரியரானார், பள்ளி அதிபரானார். 1993இல் கனேடிய நாடாளுமன்றத்துக்குத் தெரிவான முதல் கறுப்பினப் பெண்ணும் ஆனார். பெப்ரவரியைக் கறுப்பின வரலாற்று மாதமாக நாடாளுமன்றம் ஏற்க வேண்டும் என்று 1995 டிசம்பரில் அவர் கொண்டுவந்த தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எதிர்க்க ஒருவரும் இல்லாத அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவரவும் அதுவரை ஒருவரும் இருக்கவில்லை.

ஒட்டாவா நாடாளுமன்றத்துக்குப் போகிற பாதை பலருக்குக் கல்விச்சபையில்தான் தொடங்குகிறது. ஹொங்கொங்கில் பிறந்த ஒலிவியா சௌ 1985இல் ரொறொன்ரோவின் கல்விச்சபை உறுப்பினர்; பிறகு நகரசபை, நாடாளுமன்றம், 2023இல் மேயர். யுவனிதா நாதன் 2010இல் யோர்க் பிராந்தியக் கல்விச்சபைக்குத் தெரிவானார், 2022இல் மார்க்கம் நகரசபைக்கு, 2025 ஏப்ரலில் நாடாளுமன்றத்துக்கு. 2011இலேயே முதல் தமிழ் உறுப்பினராக ஒட்டாவா போன ராதிகா சிற்சபைஈசன் போல நேரே ஏறியவர்கள் குறைவு.

காரணம் எளிது. கல்விச்சபைத் தேர்தலில் கட்சிச் சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். பெரும் பணமும் வேண்டாம். 2022 உள்ளூராட்சித் தேர்தலில் ரொறொன்ரோ வாக்காளர்களில் பத்துக்கு மூன்று பேர்கூட வாக்களிக்கவில்லை. இப்படிப்பட்ட தேர்தலில் கதவு கதவாகத் தட்டுகிற வேட்பாளருக்கு வாய்ப்பு அதிகம். குடியேறி வந்த தாய்மாருக்கு முதலில் பழக்கமாகிற அரச நிறுவனமும் பிள்ளையின் பள்ளிக்கூடம்தான்.

அந்த வாசல் இப்போது ஒடுங்குகிறது. 2025 ஜூனில் ஒன்ராறியோ அரசு, நிதி நிர்வாகத்தைக் காரணம் காட்டி, ரொறொன்ரோ கல்விச்சபையை ஒரு மேற்பார்வையாளரின் கையில் கொடுத்தது. தெரிவான 22 பேரும் முடிவெடுக்கும் அதிகாரத்தை இழந்தார்கள். கல்விச்சபை உறுப்பினர் என்ற பதவியே தேவையா என்று கல்வி அமைச்சர் போல் கலண்ட்ரா வெளிப்படையாகவே கேட்டார். அவர் கோபத்துக்கு முகாந்திரம் இல்லாமல் இல்லை. 2024இல் மாகாணத்தின் இன்னொரு கல்விச்சபையைச் சேர்ந்த நான்கு உறுப்பினர்கள் கலைப்பொருள் வாங்கச் சபைச் செலவில் இத்தாலிக்கே போய்வந்தார்கள். ஆனால் மேற்பார்வையாளரை நியமிப்பது அமைச்சர். ஸ்காபரோத் தாய் ஒருத்தி அடுத்த முறை சாதி பற்றி முறையிடப் போனால், அந்த மேசையில் இருப்பவருக்கு அவளுடைய வாக்குத் தேவைப்படாது.