ஊதுகுழலும் கொழுந்து லொறியும்

மழைக்காலத்தில் ஈரமான ரப்பர் விறகை வைத்து அடுப்பு மூட்டிய தாய்மார் ஓர் உண்மையை நன்கு அறிவர். உலை கொதிக்கவில்லையே என்று மேலும் மேலும் விறகைத் திணித்தால் தீ வளராது, புகைதான் வளரும். ஊதுகுழலை எடுத்து நாலு முறை ஊதினாலோ, இருக்கிற விறகே குப்பென்று பற்றிக்கொள்ளும். இந்தச் சிறிய உண்மையை எம் அன்னையின் அடுப்படியிலேயே கற்றிருந்தும், ஒரு லொறியின் விடயத்தில் நாம் அதை மறந்தோம். அதனால் நல்ல மனிதர் ஒருவரைத் திருடர் என்று எண்ணும் பாவத்துக்கும் ஆளானோம். அதை மறைக்காமல் சொல்லிவிடுவதே முறையென்று தோன்றுகிறது.

நிவித்திகலவைச் சூழ்ந்த சிறு தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தைச் சேர்த்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுசெல்வது எமது தொழில். அதற்கென வைத்திருந்தது டர்போ பூட்டிய பழைய டீசல் லொறி ஒன்று. மின்னணுக் கருவிகள் லொறிகளில் நுழையாத காலத்து எஞ்சின் அது. அதன் சாரதி எம்மைவிட வயதில் மூத்தவர். நாம் அவரை 'அண்ணே' என்போம். அவர் எம்மைத் 'தம்பி' என்பார்.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியை எவரும் மறந்திருக்க முடியாது. நாடெங்கும் எரிபொருளுக்கு வரிசை. ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாவுக்கு ஏறியது. அந்த நாட்களில்தான் எமது லொறி ஏற்றத்தில் இழுக்க மறுத்தது. கொழுந்தோ காத்திருக்காது. சாக்கில் அடைபட்டு நேரம் போனால் சூடேறிச் சிவந்துவிடும். தொழிற்சாலையில் கழித்துவிடுவார்கள், அந்தக் கழிவு, பறித்த கைகளின் காசில் வந்து விழும்.

அண்மையிலிருந்த கராஜ் ஒன்றில் வண்டியைக் காட்டினோம். அங்கிருந்தவர் டீசல் பம்பின் முத்திரைக் கம்பியை அறுத்து, ஒரு திருகாணியைச் சற்றுத் திருப்பிவிட்டார். லொறி இழுக்கத் தொடங்கியது. எமக்குப் பெருமகிழ்ச்சி. சாரதி மட்டும் முகம் சுளித்தார்.

"தம்பி, காத்து வராம எண்ணெயைக் கூட்டுறது நல்லதில்லைங்க" என்றார். நாம் அதைச் செவியில் ஏற்கவில்லை.

முன்பு 20 லீற்றரில் முடிந்த ஓட்டத்துக்கு இப்போது 25 லீற்றர் தேவைப்பட்டது. ஒவ்வொரு முறை புறப்படும்போதும் லொறி கரும்புகையைக் கக்கியது. பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று எண்ணிக்கொண்டோம். டீசல் மட்டும் எங்கே போகிறது? குதத்தில் குச்சி விட்டு இரவில் இரகசியமாக அளந்து பார்த்தோம். ஏற்றம் ஏறி வந்து நின்றதும் எஞ்சினை உடனே நிறுத்தாமல் இரண்டு மூன்று நிமிடம் வெறுமனே ஓடவிடும் வழக்கம் அவருக்கு உண்டு. அதுவும் எம் கண்ணை உறுத்தியது. ஒருநாள் மாலை, பொறுமையிழந்து கேட்டேவிட்டோம்:

"அண்ணே, டீசல் எங்கே போகுது?"

அவர் பதில் பேசவில்லை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வரவில்லை.

வேறு வழியின்றி நாமே லொறியை ஓட்டிக்கொண்டு இரத்தினபுரியில் ஒரு முதிய பாஸிடம் போனோம். அவர் புகையைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார், பிறகு விரல் பருமன்கூட இல்லாத ஒரு குழாயைத் தடவி, அதிலிருந்த வெடிப்பைக் காட்டினார். இரும்புத் தகடொன்றில் நாட்கணக்காக உரசி உரசி அது பிளந்திருந்தது. அன்று அவர் எமக்கு நடத்திய பாடத்தை இங்கே சுருங்கச் சொல்வோம்.

ஒரு லீற்றர் டீசல் மிச்சமின்றி எரிவதற்கு ஏறத்தாழ 10,000 லீற்றர் காற்று வேண்டும். இவ்வளவு காற்றையும் எஞ்சின் தன் மூச்சாலேயே இழுப்பது கடினம். எரிந்த டீசலின் வெப்பத்திலோ சுமார் மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வீணாக வெளியேறுகிறது. அந்த வீணாகும் புகையைக் கொண்டே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தலாம் என்று கண்டவர் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி. அவர் காப்புரிமை பெற்றது 1905இல். 1920களில் இரண்டு ஜெர்மானியக் கப்பல்களின் எஞ்சின்களில் இதைப் பூட்டியபோது, 1,750 குதிரைவலு 2,500 ஆக உயர்ந்தது. இதுவே எமது ஊதுகுழல். டர்போ என்பது இதுதான்.

விறகைத் தள்ளும் கை, டீசல் பம்ப். ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் 1927இல் இதைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. 1951இல் பெங்களூரில் தோன்றிய மைகோ நிறுவனத்தின் வழியாக இந்திய லொறிகளுக்கும் அது பரவியது. பம்பினுள்ளே ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு சிறு உந்துதண்டு உண்டு. பற்கள் வெட்டிய நீண்ட தண்டொன்று அவை அனைத்தையும் ஒருசேரத் திருப்பி, ஒவ்வொரு முறையும் எத்தனை துளி டீசல் போக வேண்டும் என்பதை வகுக்கிறது. அந்தத் தண்டு எவ்வளவு தூரம் நகரலாம் என்பதற்கு ஒரு தடை வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. சாரதி மிதியை அழுத்திய கணத்திலேயே டர்போ வேகம் பிடித்துவிடாது. அது நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றினால்தான் காற்று அழுத்தமாக வரும். அதற்கு முன்னரே டீசல் முழுதும் பாய்ந்தால் அது எரியாமல் கரியாகிப் புகையாகும். ஆகவே பம்பின் தலையில் ஒரு சிறு கிண்ணம் வைத்து, அதனுள்ளே மெல்லிய சவ்வு ஒன்றையும் ஒரு சுருள்வில்லையும் அமைத்திருக்கிறார்கள். டர்போ அழுத்தும் காற்றிலிருந்து ஒரு சிறு குழாய் அந்தக் கிண்ணத்துக்கு வருகிறது. காற்றழுத்தம் ஏற ஏறச் சவ்வு வில்லை அழுத்தும், தடை விலகும், பல்தண்டு மேலும் நகரும், டீசல் கூடும். கூடிய டீசல் கூடிய புகைவாயுவைத் தரும். அது டர்போவை மேலும் சுழற்றும். காற்று வந்த செய்தி எட்டிய பிறகே பம்ப் கையைத் தாராளமாகத் திறக்கும்.

எமது லொறியில் வெடித்திருந்தது அந்தச் செய்தியைச் சுமக்கும் குழாய். டர்போ தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. காற்றும் வந்துகொண்டுதான் இருந்தது. பம்புக்கு அது தெரியவில்லை. ஆகையால் ஏற்றத்தில் அது டீசலைக் குறைத்தே கொடுத்தது. கராஜ்காரரோ குழாயைத் தேடாமல், காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் டீசல் பாயும்படி அடிப்படைத் திருகாணியையே திருப்பிவிட்டார். டர்போ விழிக்கும் முன்னரே பாய்ந்த டீசல்தான் கரும்புகையாகப் போனது. திருடன் புகைக்குழாயில் இருந்தான். இன்னும் சில மாதம் அப்படியே ஓடியிருந்தால், மிஞ்சிய வெப்பத்தில் பிஸ்டன் உருகியிருக்கவும் கூடும் என்றார் பாஸ்.

எஞ்சினை உடனே நிறுத்தாத வழக்கத்தைப் பற்றியும் கேட்டோம். அவர் சிரித்தார். "டர்போவின் அச்சு எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுழல்வது. எஞ்சினை நிறுத்தினால் எண்ணெய் ஓட்டமும் நின்றுவிடும். ஏற்றம் ஏறிய சூட்டிலேயே நிறுத்தினால், தங்கிய எண்ணெய் கருகி அச்சைத் தின்றுவிடும். உங்கள் டிரைவர் தொழில் தெரிந்தவர்" என்றார்.

புதுக்குழாய்க்கு ஆன செலவு ஒரு நாள் ஓட்டக் கூலியிலும் குறைவு. பம்பைப் பரிசோதனை மேடையில் ஏற்றித் திருகாணியைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதிதாக முத்திரையிட்டுத் தந்தார்.

அன்று மாலையே சாரதியின் லயத்துக்குப் போனோம். வாசலில் நின்றபடி, நடந்த யாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். உள்ளே அவர் மனைவி ஊதுகுழலால் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். சிறிது நேரம் அவர் எம்மை ஏறிட்டுப் பார்க்கவேயில்லை. பிறகு மெல்லக் கேட்டார்:

"குழாய் எந்த இடத்துல வெடிச்சிருந்துச்சுங்க, தம்பி?"

அதற்குப் பிறகே தேநீர் வந்தது. மறுநாள் காலை சாவி அவர் கைக்குப் போனது. இன்றும் அவர் ஏற்றம் ஏறி வந்து வண்டியை நிறுத்தியதும், எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுகிறார். நாமும் வாய் திறவாமல் பக்கத்தில் நின்றிருப்போம்.